அனுப்பியாச்சு: சேர்வராயன் மலையில் ஒரு காட்டெருமைப் புகாரின் பாதை

காபிப் பழம் பறிக்கும் காலம் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை ஓடும். அந்த மாதங்களில் ஏற்காட்டில் காலை எட்டு மணிக்குக்கூடப் பனி முழுதாக விலகியிருக்காது. பறிக்கிற ஆட்களோ ஆறரைக்கே தோட்டத்துக்குள் இறங்கியாக வேண்டும். இரவெல்லாம் மேய்ந்த காட்டெருமை காட்டுக்குத் திரும்புகிற நேரமும் அதுதான். ஒற்றையடிப் பாதையில் மனுசரும் மாடும் பத்தடித் தூரத்தில் எதிர்ப்பட்டால் என்ன ஆகும் என்று மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்த ஆய்வின் பொருள்: அடிபட்டவரின் மனு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எங்கே நிற்கிறது, நிற்கும் இடத்தில் இருப்பவரை எப்படிப் பதில் சொல்ல வைப்பது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு மாதிரி நிகழ்வு. மலையில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே இடத்தில் கோத்து அமைத்தது. எந்தக் குடும்பத்தையும் எந்தச் சரகத்தையும் குறிப்பதல்ல. காப்புக்காட்டை, அதாவது வனத்துறை பாதுகாக்கும் காட்டை, ஒட்டி 2 ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. டிசம்பர் இரவு ஒன்றில் ஏழு காட்டெருமைகள் இறங்கி 38 காபிச் செடிகளை முறித்து, ஐந்து மரத்து மிளகுக் கொடிகளை இழுத்துப் போட்டுவிட்டுப் போயின. விடிந்ததும் பழம் பறிக்க வந்த ஒரு பெண்ணை, கூட்டத்திலிருந்து பிரிந்து நின்ற ஒற்றை ஆண் மாடு முட்டித் தூக்கிப் போட்டது. இடது கால் எலும்பு முறிவு. ஒன்பது மணிக்கு வனத்துறை ஜீப் வந்தபோது ஐம்பது பேர் பாதையை மறித்து நின்றார்கள்.

"போன மாசமும் இதையேதான சொன்னீங்க?"

"நான் என்னக்கா பண்ணட்டும்? ரேஞ்சர் சாருக்கு எழுதியாச்சு. அவரு மேல அனுப்பியாச்சு."

இந்த "அனுப்பியாச்சு" என்ற சொல்தான் மலையில் இருக்கும் கோபத்தின் மையம். ஜீப்பில் வந்த வனக்காவலர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியிருப்பார், ரேஞ்சர் எனப்படும் வனச்சரகர் அனுப்பியும் இருப்பார். ஆனால் எந்தத் தேதியில், எந்த எண்ணில், யாருக்கு என்று கேட்டால் அங்கே நிற்கும் யாரிடமும் பதில் இருக்காது. கேட்கும் வழக்கமும் நம்மிடம் இல்லை. நாம் கத்துவது சம்பளத்தில் கடைசிப் படியில் இருப்பவரிடம். முடிவெடுக்கும் அதிகாரம் இருப்பது அவருக்கு ஆறேழு படி மேலே.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகையும் மக்களும் சொல்வது காட்டெருமை. இயற்கை ஆர்வலர்கள் திருத்துவார்கள்: இது எருமை இனமே இல்லை, காட்டுமாடு என்பார்கள். சங்கப் பாட்டில் இதற்கு ஆமா என்று பெயர். விலங்கியலாரும் சங்கப் புலவரும் சொல்வது சரியாக இருக்கலாம், மனுவில் மட்டும் வனத்துறைப் பதிவேட்டில் எந்தப் பெயர் வழங்குகிறதோ அதையே எழுதுங்கள். ஒரே சம்பவத்துக்கு மனுவில் ஒரு பெயரும் மருத்துவமனைச் சீட்டில் இன்னொரு பெயரும் இருந்தால், அதைச் சரிசெய்யவே கோப்பு ஒரு சுற்றுத் திரும்பி வரும்.

முதல் நாள்: மழைக்கு முன், ஆளுக்கு முன்

ஒரு கோரிக்கையின் தலைவிதி பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டு மறுநாள் சரக அலுவலகம் போனால், "வளர்ப்பு மாடா இருக்கும்" என்ற ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த வரியை மறுக்கத் தேவையானது எல்லாம் தோட்டத்திலேயே கிடக்கிறது.

முதலில் குளம்பு. காட்டெருமை ஆண் ஒரு டன் வரை எடை போகும். தோள் உயரம் ஆறடியை எட்டும். ஈர மண்ணில் அதன் தடம் வீட்டு மாட்டுத் தடத்தைவிட அகலமாக, ஆழமாக இறங்கியிருக்கும். பக்கத்தில் தீப்பெட்டியோ ஓர் அளவுகோலோ வைத்து மேலிருந்து நேராகப் படம் எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் அளவு தெரியாது. அடுத்து மரப்பட்டை. உடம்பைத் தேய்த்த மரத்தில் நெஞ்சு உயரத்துக்கு மேலே சேறு அப்பியிருக்கும், கருமுடி ஒட்டியிருக்கும். அந்த உயரத்தை ஒரு குச்சியால் அளந்து, குச்சியோடு சேர்த்துப் படம் எடுங்கள். நாட்டு மாட்டின் தோள் அந்த உயரத்துக்கு வராது. மூன்றாவது, முறிந்த செடிகளை எண்ணுவது. ஒவ்வொரு செடியிலும் எண் எழுதிய தாளோ சாக்குத் துண்டோ கட்டி, 1 முதல் 38 வரை வரிசையாகப் படம். "சுமார் நாற்பது செடி" என்று எழுதிய மனுவை ஆய்வுக்கு வருபவர் தன் கணக்குக்கு இருபதாக்கிவிட முடியும். எண் கட்டிய செடியை அப்படிக் குறைப்பது கடினம். கைப்பேசியில் இடமும் நேரமும் பதியும் கேமரா செயலி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

முறிந்த கிளையை வெட்டி எறிவதும் பாத்தியைச் சரி செய்வதும் ஆய்வு முடிந்த பிறகுதான். ஆய்வுக்கு யாரும் வரவில்லையே, எத்தனை நாள் காத்திருப்பது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. மனுவிலேயே "இந்தத் தேதிக்குள் ஆய்வு நடக்காவிட்டால், நோய் பரவாமலிருக்கக் கவாத்துச் செய்ய வேண்டியிருக்கும், படங்கள் இணைத்துள்ளேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு "நீங்களே தடயத்தை அழித்துவிட்டீர்கள்" என்ற பேச்சு எழாது.

மனுவோடு சேர்க்க வேண்டியவை: பட்டா அல்லது சிட்டா நகல், அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், படங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். தபால் செலவைப் பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள் பின்னால் படும் பாடு அதைவிடப் பெரிது.

மருத்துவமனையில் எழுதப்படும் ஒரு வரி

அடிபட்ட பெண்ணை ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து, 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படும். காயத்துக்குக் காரணம் என்ன என்பது அந்த வரியில்தான் இருக்கும்.

கூட வந்தவர் பதற்றத்தில் "மாடு முட்டிருச்சுங்க" என்பார். எழுதுபவர் "மாடு முட்டியதாக" என்று எழுதுவார். இரண்டு பேரும் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து வனத்துறைக் கோப்பில் அது வளர்ப்பு மாடு ஆகிவிடும். "காட்டெருமை தாக்கியதில்" என்ற சொற்கள் அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இடம், நேரம், தோட்டம் இருக்கும் கிராமம் ஆகியவையும் அதில் வர வேண்டும். காயச் சான்று, எக்ஸ்ரே அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய மூன்றையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனைக்கு நேரே போனால் இந்தப் பதிவேடு விட்டுப்போக வாய்ப்பு அதிகம். உயிரிழப்பு என்றால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று ஆகியவை கூடுதலாகத் தேவைப்படும்.

வனவிலங்கால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தன் திட்டங்களின் கீழ் தரும் கருணைத் தொகையை மத்திய அரசு 2023 டிசம்பரில் உயர்த்தியது. உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 2 லட்சம், சிறுகாயத்துக்குச் சிகிச்சைச் செலவாக 25,000 ரூபாய் வரை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். இதைச் சான்றில் மருத்துவர் எந்த வகையில் குறித்திருக்கிறார் என்று பார்ப்பது முக்கியம். சிறுகாயம் என்று போட்டுவிட்டால் 2 லட்சம் 25,000 ஆகிவிடும்.

இன்னொன்று. 2021-இல் தேசிய வனஉயிரின வாரியத்தின் நிலைக்குழு ஒப்புதல் தந்த அறிவுரை ஒன்றில், கருணைத் தொகையின் ஒரு பகுதியை இடைக்கால நிவாரணமாக 24 மணி நேரத்துக்குள் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அறிவுரைதான், சட்டம் இல்லை. ஆனால் மனுவில் "2021 அறிவுரைப்படி 24 மணி நேர இடைக்கால நிவாரணம் வழங்கப்பட்டதா, இல்லையென்றால் காரணம் என்ன" என்று எழுத்தில் கேட்டால், "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் பதில் எழுதிவிட்டு ஒதுங்குவது கடினம்.

யாருக்கு எந்த அதிகாரம்

வனத்துறையின் படிக்கட்டு இது: வனக்காவலர், வனக்காப்பாளர், வனவர், வனச்சரகர், உதவி வனப் பாதுகாவலர், மாவட்ட வன அலுவலர், அவருக்கு மேல் மண்டல அளவில் வனப் பாதுகாவலர், சென்னையில் தலைமை வனஉயிரினக் காப்பாளர். இவர்களோடு தற்காலிக ஊழியர்களாக வேட்டைத் தடுப்புக் காவலர்கள். இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு தோட்டத்துக்கு வருபவர் பெரும்பாலும் இந்தக் கடைசி வகை. அவரிடம் கத்திப் பயனில்லை என்பதைவிட, அது அநியாயம் என்பதே பொருத்தம். அந்த மாட்டுக்குப் பக்கத்தில் முதலில் போய் நிற்பவர் அவர்தான்.

"மாட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்று மறியலில் கேட்கிறோம். காட்டெருமை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே வருகிறது. முதல் அட்டவணை விலங்கு என்றால் பிரிவு 11(1)(ஏ)-யின் கீழ் தலைமை வனஉயிரினக் காப்பாளர்தான் அனுமதி தர முடியும், அதுவும் எழுத்தில், காரணம் காட்டி. காரணங்களும் குறுகியவை: மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது மீள முடியாத அளவு ஊனமோ நோயோ உற்றிருக்கிறது. பயிர் நாசம் அதில் இல்லை.

இதன் நடைமுறைப் பொருளைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே மனுவில் "காபிச் செடிகளை நாசம் செய்கிறது, ஆகவே பிடிக்க வேண்டும்" என்று எழுதினால் அது சட்டப்படி செல்லாத கோரிக்கை. கீழே இருப்பவர் அதை அப்படியே கிடப்பில் போடலாம். பயிர் இழப்புக்குத் தனி மனு, மனித உயிருக்கு ஆபத்து என்பதற்குத் தனி மனு. இரண்டாவதில் அந்த ஒற்றை மாடு எந்தத் தேதிகளில், எந்த இடங்களில், எத்தனை மணிக்கு ஆளை விரட்டியது என்று பட்டியல் வேண்டும். கொம்பு உடைந்திருக்கிறதா, காலில் தழும்பு உண்டா, நொண்டுகிறதா என்ற அடையாளமும் வேண்டும். எந்த மாடு என்று தெரியாமல் சென்னையில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், போடவும் கூடாது. தற்காப்புக்காக நல்லெண்ணத்தில் ஒரு விலங்கைக் காயப்படுத்த நேர்ந்தால் பிரிவு 11(2) பாதுகாப்புத் தருகிறது. சுருக்குக் கம்பி வைப்பது தற்காப்பு ஆகாது. முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

"பன்றிக்கு மட்டும் சுட உத்தரவு வந்ததே?" என்ற கேள்வி குறைதீர்க்கும் கூட்டத்தில் எழும். நியாயமான கேள்வி. காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், உடைமைக்கு ஆபத்து என்றாலும் அனுமதி தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சேர்வராயனில் காப்புக்காடும் தோட்டமும் சீட்டுக்கட்டுப் போலக் கலந்து கிடக்கின்றன. 3 கிலோமீட்டர் தள்ளிய தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக இந்த உத்தரவு மலைக்கு வந்தும் வராத மாதிரிதான்.

மயக்க ஊசி போட்டால் ஆச்சா?

2020 டிசம்பரில் புனே நகரின் கோத்ரூட் பகுதிக்குள் ஒரு காட்டெருமை வழி தவறி வந்தது. கூட்டம் துரத்தியது, மயக்க ஊசி போட்டார்கள், கயிறு கட்டிப் பிடித்தார்கள், அன்றே அது செத்துப்போனது. நாடு முழுக்க வனத்துறையைத் திட்டினார்கள். துரத்திய கூட்டத்தையும் திட்டினார்கள்.

இந்த விலங்கைப் பிடிப்பதில் என்ன தவறும் என்பது தெரிந்த விஷயம்தான். ஊசி பட்டதும் மாடு அங்கேயே விழுந்துவிடாது. மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் அது ஓடும். சரிவில் ஓடினால் பள்ளத்தில் விழும். விழுந்த பிறகும் வேலை முடியவில்லை. அசைபோடும் விலங்கு என்பதால் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒருக்களித்துச் சாய்ந்தால் வயிறு உப்பும், இரைப்பையில் இருப்பது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும். துரத்தலால் உடம்புச் சூடு ஏறித் தசையே சிதைந்துபோவதும் உண்டு. பிடிபட்டுச் சில நாள் கழித்தும் அதனால் சாகும். மத்தியப் பிரதேசத்தில் கன்ஹாவிலிருந்து பாந்தவ்கருக்கு 2011, 2012 ஆண்டுகளில் 50 காட்டெருமைகளை மாற்றினார்கள், வெற்றியும் பெற்றார்கள். ஆனால் அது மாதக்கணக்கில் திட்டமிட்டு, பயிற்சி பெற்ற மருத்துவர்களோடு, சமதளத்தில், கூட்டம் இல்லாமல் செய்த வேலை. ஏற்காட்டு மேட்டில் ஐம்பது பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்க, ஒரு ஜீப்பும் ஒரு துப்பாக்கியும் வைத்துச் செய்யக்கூடியது அல்ல.

ஆகவே "பிடிக்கவில்லை" என்பது தன்னளவில் குற்றச்சாட்டு ஆகாது. "பிடிப்பதா வேண்டாமா என்று யாரும் முடிவெடுத்து எழுதவில்லை" என்பதுதான் குற்றச்சாட்டு. முதலாவதற்கு அவர்களிடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இருக்காது.

விரட்டுவதும் வேலியும்

மிச்சம் இருப்பது பட்டாசு. இரவில் தகவல் சொன்னால் வந்து வெடி வைத்து விரட்டுவார்கள். மாடு அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும், பக்கத்துத் தோட்டத்துக்கு. அங்கிருந்து மறுநாள் புகார் வரும். எந்தப் பக்கம் விரட்டினால் காட்டுக்குப் போகும், வழியில் யார் வீடு இருக்கிறது என்று வரைபடத்தோடு ஒரு திட்டம் இருக்க வேண்டும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட 14 வழிகாட்டு நெறிமுறைகளில் காட்டெருமைக்கென்றே ஒன்று இருக்கிறது. விரைவு நடவடிக்கைக் குழுவும், முதலில் தகவல் சொல்லிக் கூட்டத்தை ஒதுக்க உள்ளூர்க் குழுவும் அமைக்கச் சொல்கின்றன இந்த நெறிமுறைகள். "நம் சரகத்தில் இந்தக் குழு எந்தத் தேதியில் அமைக்கப்பட்டது, உறுப்பினர் யார்" என்பது ஒருவரிக் கேள்வி. ஜீப்பை மறிப்பதைவிட அது அதிகம் வேலை செய்யும்.

சூரிய மின்வேலி பற்றிச் சுருக்கமாக. கம்பியில் மின்துடிப்பு 4,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தடித்த தோல் உள்ள விலங்கு மதிக்காது. மழை முடிந்து புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலே துடிப்பு கசிந்துவிடும். ஏப்ரலில் மண் காய்ந்தால் எர்த் கம்பி சரியாகப் பிடிக்காது. இரண்டு காலத்திலும் சோதனைக் கருவியால் தினமும் பார்க்க ஆள் வேண்டும். மானியத்தில் வேலி போட்டுத் தந்துவிட்டு, புல் வெட்டும் கூலி யாருடையது என்று எழுதாமல் விட்ட இடங்களில் ஓராண்டில் அது துணி காயப்போடும் கம்பியாகிவிடும். காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் மின்வேலி போட 2023-இல் வந்த தமிழக விதிகளின்படி முன் அனுமதி வேண்டும். மின்வாரிய இணைப்பிலிருந்து நேரே கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது எப்போதும் குற்றம், மாட்டுக்கு முன் மனுசரைக் கொல்லும்.

மூன்று சென்ட் கணக்கு

இப்போது பயிர் மனு. சரகர் தோட்டக்கலைத் துறைக்கு எழுதுவார். உதவித் தோட்டக்கலை அலுவலர் வந்து மதிப்பீடு செய்வார். கோப்பு அதிகம் நிற்கும் இடம் இதுதான், ஏனென்றால் இரண்டு துறை சம்பந்தப்படுகிறது. வனத்துறை "மதிப்பீடு வரவில்லை" என்னும். தோட்டக்கலை "கடிதமே வரவில்லை" என்னும். இரண்டு அலுவலகத்திலும் தபால் பதிவு எண்ணை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்காத வரை யார் சொல்வது நிஜம் என்று தெரியாது.

மதிப்பீட்டிலும் ஒரு கண்ணி. ஆறடிக்கு ஆறடி நட்ட காபித் தோட்டத்தில் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,200 செடி நிற்கும். 38 செடி என்பது ஏக்கரில் மூன்று சதவீதம். பரப்பளவாகப் பார்த்தால் மூன்று சென்ட். ஏக்கர் கணக்கில் இழப்பீடு பிரித்தால் பறிக்கூலிக்குக்கூடத் தேறாது. "செடி சாகவில்லையே, தளிர்க்கும்" என்றும் சொல்வார்கள். உண்மைதான், தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டினால் புதுக்கிளை வரும். ஆனால் அடுத்த இரண்டு பருவத்து விளைச்சல் போய்விடும். புதுச் செடி வைத்தால் காய்க்க மூன்று, நான்கு ஆண்டு. மிளகுக் கொடி பரப்பளவுக் கணக்கிலேயே வராது, அது மரத்தில் ஏறி நிற்பது. ஆகவே மனுவில் பரப்பளவை எழுதாமல் செடி எண்ணிக்கை, செடியின் வயது, சென்ற ஆண்டு விற்ற பில் நகல், கொடியின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி, நிரந்தரப் பயிராக மதிப்பிடுமாறு கேட்க வேண்டும்.

பட்டா இல்லாதவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. இந்த மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) தலைமுறையாக உழுத நிலத்துக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமைப் பட்டம் கிடைத்திருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் 2008 முதல் தமிழகத்தில் அது முடங்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகுதான் நகர்ந்தது. பட்டமே தாமதம் என்றால் இழப்பீடு எங்கே? ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

வனத்துறை என்றால் இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் முகம் மாறுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பக்கத்துச் சித்தேரி மலை அடிவாரத்தில், வாச்சாத்தியில், 1992 ஜூனில் சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பேரில் வனம், காவல், வருவாய் மூன்று துறையினரும் செய்த கொடுமை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011-இல் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, அப்போதைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மேலே இருந்தவர்களின் பொறுப்பு எழுத்தில் வர 31 ஆண்டு ஆயிற்று. காட்டெருமை இழப்பீட்டை அதோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் "மேல அனுப்பியாச்சு" என்று கேட்கும்போது எழும் சந்தேகம் வெறும் கற்பனையிலிருந்து வரவில்லை.

கேள்வி கேட்கும் முறை

தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிய மனு, மாவட்ட வன அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று எழுதினால் "தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று திரும்பும். பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும்: இந்தத் தேதியில் பெறப்பட்ட என் மனுவின் பதிவு எண், அது எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலருக்கு அனுப்பப்பட்டது, ஒவ்வொரு கடிதத்தின் நகல், தோட்டக்கலைத் துறைக்கு எழுதிய கடிதமும் நினைவூட்டல்களும், குறிப்பிட்ட ஒற்றை மாடு பற்றித் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு ஏதேனும் அறிக்கை போயிருந்தால் அதன் நகல், சரகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை. கடைசிக் கேள்வியைத் தவறாமல் சேருங்கள். கீழே ஆள் இல்லாமல் மேலே இருப்பவர்கள் ஒப்பேற்றுகிறார்களா என்பது அதில் தெரியும். ஜீப்பில் வந்த காவலருக்கும் அது நல்லது.

காரணம் கேட்கவும் வழி உண்டு. அதே சட்டத்தின் 4(1)(டி) பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. மனு நிராகரிக்கப்பட்டால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான முடிவு வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அந்த அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பேசுவது தனி வித்தை. அங்கே மைக் கிடைப்பது இரண்டு நிமிடம். யானை வந்தது, பூனை வந்தது என்று தொடங்கினால் மணி அடித்துவிடும். மனு எண், தேதி, "சென்ற கூட்டத்தில் வனத்துறை தந்த பதில் இது, இன்றைய நிலை என்ன" என்ற மூன்று வரி போதும். சென்ற கூட்டத்து மனுக்களுக்கான பதில்கள் எழுத்தில் வரும். அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பதில் இரண்டாம் முறையும் வந்தால், இரண்டு தாளையும் இணைத்து மேல்முறையீட்டில் வைக்கலாம்.

ஆவணங்களை நேரில் பார்வையிடும் உரிமையும் 2(ஜே) பிரிவில் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குக் காத்திருப்பதைவிட இது பல நேரம் பலன் தரும். மனித-விலங்கு மோதல் சம்பவங்களுக்கான பதிவேட்டைக் கேளுங்கள். சம்பவத் தேதி, தகவல் வந்த நேரம், இடத்துக்குப் போன நேரம், போனவர் பெயர், எடுத்த நடவடிக்கை, மேல் அலுவலருக்கு அனுப்பிய தேதி, அவருடைய உத்தரவு ஆகிய விவரங்கள் எழுதியிருக்கின்றனவா என்று வரிசையாகப் பாருங்கள். முதல் நான்கைந்தும் காவலரின் கையெழுத்தில் நிறைந்திருக்கலாம். கடைசி விவரத்துக்கான இடம் காலியாக இருந்தால், அந்தப் பக்கத்தைத் தேதியோடு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.